‘வயது போனவர்களுக்குப் படிப்பு ஏறுமா?’ – திருகோணமலையிலிருந்து ஒரு போதனாசிரியரின் கேள்வி

வாசகர் கடிதம், சுருக்கமாக:

திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வீட்டு வயரிங் படிப்பிக்கும் 36 வயதுச் சகோதரி எழுதியிருக்கிறார். மின்னியல் படித்தவர். ஒன்பது வருடம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணித டியூஷன் கொடுத்துவிட்டு, ஏழு மாதத்துக்கு முன்புதான் இந்த வேலையில் சேர்ந்தார். வாரத்தில் நான்கு நாள், மாலை 5 முதல் 8 மணி வரை வகுப்பு. 24 பேர் பதிந்தார்கள். ஆக இளையவருக்கு 19 வயது, மூத்தவருக்கு 52. இப்போது 15 பேர்தான் ஒழுங்காக வருகிறார்கள், மூன்று பேர் அடியோடு நின்றுவிட்டார்கள்.

“அரைவாசிப் பேர் போனைப் பார்க்கிறார்கள். மூதூரிலிருந்து வரும் ஒரு தம்பி ஏழேகாலிலிருந்து மணிக்கூட்டைத்தான் பார்க்கிறார். கட்டாரில் 11 வருடம் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் எல்லார் முன்னாலும் என்னை மறுத்துப் பேசுகிறார். தம்பலகாமத்து ஐயாவுக்கு 52 வயது, ‘கை பேனை பிடிக்க மறந்துபோச்சு மிஸ்’ என்று சிரிக்கிறார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? நான் பள்ளிக்கூடத்தில் போல எழுப்பிக் கேள்வி கேட்டுப் பார்த்தேன், புள்ளிகளை வாசித்துப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா? நிர்வாகம் வேறு, வராதவர்களுக்கும் வரவு போட்டுவிடச் சொல்லி மறைமுகமாகச் சொல்கிறது. பேசாமல் டியூஷனுக்கே திரும்பிப் போய்விடவா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ‘ஆர்வமே இல்லாத ஆட்கள்’ என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை முதலில் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களே அதற்கு மாறாகச் சொல்கின்றன.

மூதூர்த் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதற்குப் பின் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு படகுக்குக் காத்திருக்கும் பாடு போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாடு போகவில்லை. வகுப்பு முடிந்து ஓடிப்போனால்தான் கடைசி பஸ் பிடிக்கலாம் என்று நீங்களே நான்காம் பக்கத்தில் எழுதுகிறீர்கள். அப்படியானால் அவர் மணிக்கூட்டைப் பார்ப்பது பாடம் பிடிக்காமல் அல்ல, இரவில் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, இரவுச் சாப்பாட்டைப் பிந்தச் சாப்பிட்டு, பஸ் காசும் கட்டணமும் கொடுத்து ஒரு ஆள் ஏழு மாதமாக வருகிறார். 16 வயதுப் பிள்ளையை அம்மா அப்பா அனுப்புவார்கள், வராவிட்டால் வீட்டில் பேச்சு விழும். இவர்களை அனுப்ப யாருமில்லை, தாங்களாகவே வருகிறார்கள். ஒவ்வொரு மாலையும் ‘இன்றைக்குப் போவதா, ஒரு சின்ன வேலை வந்திருக்கிறதே அதைச் செய்வதா’ என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் வகுப்பு வெல்ல வேண்டும். பெரியவர்களுக்குப் படிப்பிப்பதில் எனக்குத் தெரிந்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான்: இன்று இரவு அவர் வீட்டுக்குப் போகும்போது கையில் எதைக் கொண்டுபோகிறார்?

அடுத்தது அந்தப் பழமொழி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதை நம் பெரியவர்கள் குணத்துக்கும் பழக்கத்துக்கும் சொன்னார்கள். படிப்புக்குச் சொல்வதானால் ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற ஔவையார் வாக்கைத்தான் எடுப்பேன், வயரிங்குக்கு அது அப்படியே பொருந்தும். வயது போகப் போக புதிய விஷயத்தைப் பிடிக்கும் வேகம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு புதியதைச் சேர்த்துப் பிடிக்கும் ஆற்றல் நன்றாகவே இருக்கும். அந்த ஐயாவுக்குப் பேனை பிடிக்கத்தான் மறந்துபோயிற்று. கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டும் வேலைக்கு 20 வருடமாகப் போகிறவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சுமையை வாட்டில் எழுதத் தெரியாவிட்டாலும், எந்த வயர் எத்தனை பல்பைத் தாங்கும் என்று அவர் கை அறிந்திருக்கும். அங்கிருந்து தொடங்கினால் அவர் உங்களுக்கு முன்னால் நடப்பார்.

வெட்கம்தான் பெரிய தடை

இதை நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் ஆட்கள் நிற்பதற்கு முக்கிய காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வகுப்பில் இருப்பவர்களில் பலர் சாதாரண தரத்தில் கணிதம் தவறியவர்கள். நம் ஊர்களில் அது லேசான விஷயம் அல்ல. ‘மெத்ஸ் பெயில்’ என்ற சொல்லைச் சொந்தக்காரர் வாயில் எத்தனை கலியாண வீட்டில் கேட்டிருப்பார்கள்! வகுப்பறைக்குள் வந்து ஒரு கதிரையில் இருந்தவுடனே அந்தப் பழைய பயம் திரும்பி வரும். நீங்கள் பெயர் சொல்லி எழுப்பி ஓமின் விதியைக் கேட்கும்போது, 40 வயது ஆள் ஒரு நொடியில் 15 வயதுப் பிள்ளையாகிவிடுகிறார். சிரிப்பதும் போனை எடுப்பதும் மறுத்துப் பேசுவதும் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்து தப்பும் வழிகள்.

என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன். படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், மாலை வகுப்பில் புள்ளிகளைச் சத்தமாக வாசித்தேன். மேசன் வேலை செய்த ஒருவருக்கு நூற்றுக்கு 22. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவரிடமே கையாள் வேலை செய்யும் பெடியன், அவனுக்கு 61. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை மூடி, பேனையைச் சட்டைப் பையில் குத்தி, வகுப்பு முடியும்வரை நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. ஒரு மனிதரின் வேலைத்தல மரியாதையை நான் ஒரு வரியில் உடைத்துவிட்டேன் என்பது விளங்க எனக்குக் கன காலம் எடுத்தது. இன்றும் அந்தப் பேனை கண்ணில் நிற்கிறது.

ஆகவே கண்டிப்பைக் கூட்டுவதா என்ற கேள்விக்கு என் பதில்: பாதுகாப்பு விஷயத்தில் கூட்டுங்கள், மற்ற எல்லாவற்றிலும் குறையுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்தாமல், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைத்தால் அன்றைய செய்முறை அத்தோடு சரி, அதில் யாருக்கும் விலக்கு வேண்டாம். பெரியவர்கள் அந்தக் கண்டிப்பை மதிப்பார்கள், அது தங்கள் உயிருக்காக என்று அவர்களுக்குத் தெரியும். புள்ளிகளைத் தாளில் எழுதி மடித்துக் கையில் கொடுங்கள். கேள்வியைத் தனி ஆளிடம் கேட்காமல், இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து ஒரு நிமிடம் கதைக்க விட்டு, பிறகு சோடியிடம் பதில் வாங்குங்கள். பிழை வந்தாலும் அது இருவருடைய பிழை, தனியே ஒருவர் தலையில் விழாது.

எப்படி அழைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். உங்களைவிட மூத்தவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் போலத் தெரிகிறது. அண்ணா, அக்கா, நானா, ஐயா என்று அவரவர் வீட்டில் பழகிய முறையில் அழைத்துப் பாருங்கள். அவர்கள் உங்களை மிஸ் என்றே கூப்பிடுவார்கள், உங்கள் இடம் குறையாது.

கேத்தலிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் அனுப்பிய பாடக்குறிப்பு முதலில் சூத்திரம், பிறகு உதாரணக் கணக்கு, பிறகு பயிற்சி, கடைசியில் செய்முறை என்று போகிறது. பள்ளிக்கூடத்துக்குச் சரி. இவர்களுக்கு அதைத் தலைகீழாக்குங்கள்.

ஒரு மின்கேத்தலையும் ஒரு அயனையும் ஒரு எக்ஸ்டென்ஷன் கோடையும் மேசையில் வையுங்கள். கேத்தலின் அடியில் உள்ள லேபலை வாசிக்கச் சொல்லுங்கள், 2000 வாட் என்று வைப்போம். அயன் 1000 வாட். ‘இரண்டையும் ஒன்றாக இந்தக் கோடில் போடலாமா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். ‘என் வீட்டில் போடுகிறோமே’ என்பார் ஒருவர். ‘பக்கத்து வீட்டில் பிளக் உருகினது’ என்பார் இன்னொருவர். வாதம் சூடாகும்போது கணக்கைக் கொண்டுவாருங்கள்: மொத்தம் 3000 வாட், நம் மின்சாரம் 230 வோல்ட், பிரித்தால் 13.04 அம்பியர். பிளக்கில் உள்ள பியூஸ் 13 அம்பியர். எல்லையில் நிற்கிறது, ஆனால் அந்த பியூஸ் இதற்கெல்லாம் உடனே போகாது. அதற்கு முன் சூடேறுவது மெல்லிய வயர்தான். மலிவுக் கோடை வெட்டி உள்ளே இருக்கும் செம்பைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சூத்திரத்தை அதற்குப் பிறகு பலகையில் எழுதுங்கள். அப்போது அது அவர்கள் கேட்ட கேள்வியின் விடை. அன்றிரவே வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் மேலே கேட்டேனே, கையில் கொண்டுபோவது, அது இதுதான்.

வளர்ந்தோர் கல்வி பற்றி நிறைய எழுதிய அமெரிக்கர் மல்கம் நோல்ஸ் 1960களின் கடைசியிலிருந்து வலியுறுத்தியதும் இதையே. பெரியவர்கள் பாடத்தைப் பாடமாகப் படிக்க வருவதில்லை, தீர்க்க வேண்டிய ஒரு பிரச்சினையோடு வருகிறார்கள். ஆகவே முதலில் பிரச்சினை, பிறகு பாடம்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடமும் புத்தகத்தை மூடி, முந்தைய வகுப்பில் பார்த்த மூன்று விஷயங்களை அவரவர் துண்டுத்தாளில் எழுதட்டும், அல்லது கீறட்டும். வாங்கித் திருத்த வேண்டாம், புள்ளி வேண்டாம். ஹேர்மன் எபிங்கவுஸ் என்ற ஜேர்மானியர் 1885இலேயே படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னிலேயே சோதித்துக் காட்டினார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நீண்ட நாள் நிற்கும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளிலும் உறுதியானது. வேலையால் களைத்து வருகிறவர்களுக்கு வீட்டில் படிக்க நேரமில்லை, ஆகவே இந்த ஐந்து நிமிடம் பெறுமதியானது. பேனை பிடிக்கக் கஷ்டப்படும் ஐயா படம் கீறட்டும். சுற்றுப்படம் கீறுவதும் எழுத்துத்தான்.

போனை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பறிக்க வேண்டாம். செய்து முடித்த இணைப்பைப் படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள், பிழையை அதிலேயே கண்டுபிடிக்கட்டும். வராதவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

மறுத்துப் பேசுபவர்

கட்டாரிலிருந்து வந்தவர் உங்களை அவமதிக்கிறார் என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் இன்னொரு விதமாகவும் பாருங்கள். 11 வருடம் வெயிலில் நின்று கற்றதை இங்கே யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் பேசாமல் என்ன செய்வார்? ‘அண்ணா, அங்கே பெரிய கட்டடத்தில் இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள்? 15 நிமிடம் நீங்கள் சொல்லுங்கள்’ என்று முன்கூட்டியே, வகுப்புக்கு வெளியே வைத்துக் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு, ‘நம் நாட்டு விதி எங்கே வேறுபடுகிறது?’ என்று நீங்கள் எடுத்து நடத்துங்கள். அறிவு அவருடையது, வகுப்பு உங்களுடையது.

இதற்கு ஒரு நல்ல பாடம் வயர் நிறம். பழைய முறையில் சிவப்பு லைவ், அதாவது மின்சாரம் வரும் வயர்; கறுப்பு நியூட்ரல், அது திரும்பிப் போகும் வயர். புதிய முறையில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். பழைய மூன்று பேஸ் இணைப்பில் நீலம் ஒரு லைவ் வயர்! பழைய வீட்டில் நீலத்தைக் கண்டு நியூட்ரல் என்று கை வைத்தால் உயிர் போகும். 19 வயதுப் பெடியனுக்குப் பழைய நிறம் தெரியாது, 52 வயது ஐயாவுக்குப் புதியது பழக்கமில்லை. இருவரையும் ஒரே மேசையில் இருத்துங்கள்.

கட்டாரிலிருந்து வந்தவரிடம் இன்னொரு தகவலும் சொல்லுங்கள். என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமை முறையில் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் முழுப் பாடநெறியையும் படிக்காமலே, தங்கள் வேலைத்திறனை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, வேலை செய்ததற்கான ஆதாரங்களையும் கொடுத்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம். ‘இதைச் சொன்னால் அவர் வகுப்பை விட்டுப் போய்விடுவாரே’ என்று நிர்வாகம் பயப்படலாம். போனால் போகட்டும். அவருக்கு நல்லதை நீங்கள் சொன்னீர்கள் என்பது மற்ற 14 பேருக்கும் தெரியவரும், அந்த நம்பிக்கை உங்களுக்கு வேண்டும்.

செயலமர்வில் சொன்ன கணக்குகள்

நீங்கள் போன ஒருநாள் செயலமர்வில், ‘சிலர் கண்ணால் கற்பார்கள், சிலர் காதால், சிலர் கையால்; பிரித்துப் படிப்பியுங்கள்’ என்றார்களாம். கேட்பதில் 5 சதவீதம் நினைவில் நிற்கும், செய்வதில் 75 சதவீதம் நிற்கும் என்ற படமும் காட்டினார்களாம். இரண்டையும் விட்டுவிடுங்கள். அப்படிப் பிரித்துப் படிப்பிப்பதால் பலன் கூடுகிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். அந்தச் சதவீதப் படத்துக்கு எட்கர் டேல் என்பவரைக் காரணம் காட்டுவார்கள். அவர் 1946இல் வெளியிட்ட படத்தில் சதவீதமே கிடையாது, யாரோ பிறகு சேர்த்தது. செய்து படிப்பது நல்லதுதான், அதற்கு இந்த எண்கள் தேவையில்லை. வயரிங்கை எல்லாரும் கண்ணாலும் காதாலும் கையாலும்தான் கற்க வேண்டும்.

வரவுப் பதிவேடு

இதில் நான் உறுதியாகச் சொல்கிறேன்: வராதவருக்கு வரவு போடாதீர்கள். கையெழுத்து உங்களுடையது. நாளை கேள்வி வந்தால் மறைமுகமாகச் சொன்னவர் முன்வர மாட்டார். அதைவிட முக்கியம், செய்முறைக்கு வராத ஒருவர் வந்ததாகச் சான்றிதழ் பெற்று ஒரு வீட்டுக்கு எர்த் கொடுக்காமல் வயரிங் செய்தால், அந்த வீட்டில் குளித்துவிட்டு ஈரக் கையோடு சுவிட்ச் போடுவது ஒரு பிள்ளையாக இருக்கும்.

மறுப்பதோடு நிற்காமல் ஒரு மாற்று வழியைக் கொண்டுபோங்கள், அதையும் எழுத்தில் கொடுங்கள். நம் ஊரில் ஆட்கள் எப்போது வராமல் விடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை கூடும். பெரும்போக விதைப்புக்கும் அறுவடைக்கும் தம்பலகாமத்தார் வயலில் நிற்பார்கள். நோன்பு மாதத்தில் மாலை 5 முதல் 8 என்ற நேரமே பொருந்தாது. சாதாரண நாளிலும் மஃரிப் தொழுகைக்குப் பத்து நிமிட இடைவேளை விட்டால் கிண்ணியாப் பிள்ளைகள் கதவோரம் நெளியத் தேவையில்லை. ஆகவே தவறிய செய்முறையை ஞாயிறு காலையில் திருப்பிச் செய்ய ஒரு நேரம், மாதம் இரண்டு முறை போதும். மூதூர்த் தம்பிக்காக வகுப்பை 4.30க்குத் தொடங்கி 7.30க்கு முடிக்க முடியுமா என்று வகுப்பிடமே கேளுங்கள். அவர்களே முடிவெடுத்த நேரத்துக்கு அவர்களே வருவார்கள். செய்முறைகளில் எதை முதலில் எடுப்பது என்பதையும் இப்படி விட்டுப் பாருங்கள்.

டியூஷனுக்குத் திரும்புவதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். பொய் வரவு போடச் சொல்லி நிர்வாகம் நேரடியாக வற்புறுத்தினால் அன்றைக்கே வேறு இடம் தேடுங்கள். அது இல்லையென்றால், மேலே சொன்னதில் இரண்டு மூன்றையாவது ஒரு தவணை செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அதற்கு முன், நின்றுபோன அந்த மூன்று பேர். இந்த வாரமே அழையுங்கள். அலுவலகம் அழைக்க வேண்டாம், நீங்கள் அழையுங்கள், இரவு எட்டரைக்குப் பிறகு. ‘ஏன் வரவில்லை?’ என்று தொடங்காதீர்கள், உடனே ஒரு காரணம் சொல்லி வைத்துவிடுவார்கள். அவர்களில் கைக்குழந்தையோடு வந்த தங்கச்சியிடம் முதலில் பிள்ளையின் சுகத்தைக் கேளுங்கள். பிறகு, ‘நீங்கள் விட்ட இடத்திலிருந்து ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் செய்முறை இருக்கிறது, உங்கள் டெஸ்டரும் பிளையரும் லாச்சியில் அப்படியே இருக்கின்றன’ என்று சொல்லுங்கள். வரும்போது பிள்ளையைக் கூட்டிவரலாமா என்று அவர் கேட்கக்கூடும். ஓம் என்று சொல்ல முடியுமா என்பதை அழைப்பதற்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.